யார் பெரியவன்? – கடுவன் மேல் கடுவன் ஏறும் கதை

சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்து முடித்துவிடுங்கள். கட்டுரை கொஞ்சம் நீளம், நடுவில் சிரித்தால் விஷயம் விட்டுப்போகும் :-)

ஒரு கடுவன் நாய் இன்னொரு கடுவன் நாயின் முதுகில் ஏறுவதைப் பார்க்காதவர் நம்மில் யாரும் இருக்க முடியாது. தெருமுனையில் நடக்கும், மைதானத்தில் நடக்கும், வீட்டில் இரண்டு கடுவன்கள் வளர்த்தால் விருந்தாளி வந்து உட்கார்ந்த அந்த நேரம் பார்த்து நடக்கும். பார்த்தவர்கள் சொல்லும் காரணமும் பெரும்பாலும் இரண்டுதான். பெட்டை நாய் கிடைக்கவில்லை, பாவம் என்பது ஒன்று. "கெத்து காட்டுது, யார் பெரியவன்னு சொல்லுது" என்பது இன்னொன்று. முதல் காரணத்தைச் சொல்பவர்கள் சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள். இரண்டாவதைச் சொல்பவர்கள்தான் கையில் குச்சியை எடுக்கிறார்கள். "இப்பவே அடக்கி வைக்கணும், இல்லாட்டி நாளைக்கு நம்ம மேலயே பாயும்" என்று ஒரு நியாயமும் சொல்வார்கள்.

இந்த 'யார் பெரியவன்' என்ற விளக்கம் எங்கிருந்து வந்தது? ஏதோ ஆதிகாலத்து அனுபவ அறிவு என்றுதான் தோன்றும். தேடிப் போனால் அதற்கு வயது நூறுதான் ஆகிறது. அது பிறந்தது நாய்களிடமும் இல்லை. கோழிப் பண்ணை, குரங்குக் கூண்டு, ஓநாய்க் கூண்டு என்று சுற்றிக்கொண்டு கடைசியில் நாயின் தலையில் வந்து விடிந்திருக்கிறது.

முதலில் ரொம்பப் பழைய குறிப்பு ஒன்றைப் பார்த்துவிடலாம். அரிஸ்டாட்டிலின் பெயரில் நமக்குக் கிடைத்திருக்கும் 'விலங்குகளின் வரலாறு' என்ற நூலில் சேவல்களைப் பற்றி ஒரு செய்தி வருகிறது. அந்தக் காலத்துக் கிரேக்கக் கோவில்களுக்குச் சேவல்களை நேர்ந்து விடுவார்கள். அங்கே பெட்டைக் கோழிகள் இருக்காது. புதிதாக ஒரு சேவல் வந்து சேர்ந்தால், ஏற்கெனவே இருக்கும் சேவல்கள் எல்லாம் அதன்மேல் ஏறும் என்று எழுதியிருக்கிறது. எழுதியவர் வெட்கப்படவும் இல்லை, ஒழுக்கம் பேசவும் இல்லை. அடைத்த இடம், பெட்டை இல்லை, புதிதாக வந்தவன் என்று கண்ணில் பட்டதைச் சொல்லிவிட்டு அடுத்த பறவைக்குப் போய்விடுகிறார். இந்த மூன்றையும் நினைவில் வையுங்கள், பின்னால் வேலை இருக்கிறது.

அதற்குப் பிறகு வந்தவர்கள் எல்லாரும் இவ்வளவு நிதானமாக இல்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நடந்த ஒரு வேடிக்கை. கேப்டன் ஸ்காட்டின் அண்டார்டிகா பயணக் குழுவில் ஜார்ஜ் மர்ரே லெவிக் என்று ஒரு டாக்டர் இருந்தார். 1911-12 கோடையில் கேப் அடேர் என்ற இடத்தில் தங்கி, அடேலி பென்குவின்களை முழுப் பருவமும் கவனித்தார். ஆண் பென்குவின் ஆண் பென்குவின் மேல் ஏறியது, செத்த பெட்டையின் மேல் ஏறியது எல்லாம் அவர் கண்ணில் பட்டது. மனிதர் ஆடிப்போய்விட்டார். தன் நோட்டுப் புத்தகத்தில் அந்தப் பகுதிகளைக் கிரேக்க எழுத்தில் எழுதி வைத்தார், சாதாரண ஆள் கையில் கிடைத்தால் படிக்க முடியாதபடி. ஊர் திரும்பியதும் அந்த விவரங்களைத் தனியாக ஒரு சிறு வெளியீடாக, 'பிரசுரத்துக்கு அல்ல' என்ற குறிப்போடு 1915-ல் 100 பிரதி மட்டும் அச்சடித்தார்கள். அது எங்கோ அலமாரியில் கிடந்து, 2012-ல்தான் வெளியுலகத்துக்கு வந்தது. கிட்டத்தட்ட நூறு வருடம்!

இதைச் சொல்லக் காரணம் உண்டு. ஒரு விஷயத்தை வாய்விட்டுப் பேச முடியாதபோது, பேசத்தகுந்த மாதிரி ஒரு பெயர் கிடைத்தால் எல்லாரும் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்வார்கள். 'ஆதிக்கம்' என்பது அப்படிக் கிடைத்த பெயர் என்பது என் எண்ணம். ஆண் விலங்கு ஆண் விலங்கின் மேல் ஏறுகிறது என்று சொல்லக் கூசுபவர்கூட 'ஆதிக்கத்தை நிலைநாட்டுகிறது' என்று தைரியமாகச் சொல்லலாம். ராணுவ மிடுக்கே வந்துவிடும்.

அந்தச் சொல் வந்த வழி இப்படி. நார்வேயில் ஷெல்டெருப்-எப்பே என்பவர் சின்னப் பையனாக இருந்த காலத்திலிருந்தே வீட்டுக் கோழிகளைக் கவனித்து வந்தார். எந்தக் கோழி எந்தக் கோழியைக் கொத்தும், எது திருப்பிக் கொத்தாமல் ஒதுங்கும் என்று கணக்கு வைத்து, 1920களின் தொடக்கத்தில் அதை ஆய்வாக வெளியிட்டார். 'கொத்து வரிசை' என்ற கருத்து அங்கேதான் பிறந்தது. அது வந்த பிறகு விலங்கியல்காரர்கள் எந்த விலங்கைப் பார்த்தாலும் வரிசை தேட ஆரம்பித்துவிட்டார்கள்.

அடுத்தது லண்டன் மிருகக்காட்சிசாலை. 1925-ல் 'குரங்குக் குன்று' என்று ஒன்று கட்டி, நூறு போல ஹமாட்ரியாஸ் பபூன்களைக் கொண்டுவந்து விட்டார்கள். ஏறக்குறைய எல்லாம் ஆண்கள். தவறிப்போய்ச் சில பெட்டைகளும் கூட வந்துவிட்டன. அப்புறம் என்ன, ரத்தக்களறிதான். பிறகு இன்னும் கொஞ்சம் பெட்டைகளைக் கொண்டுவந்து விட்டார்கள், அவற்றிலும் பல சண்டையில் சிக்கிச் செத்தன. இதையெல்லாம் கவனித்த சாலி ஸக்கர்மேன் 1932-ல் குரங்குகளின் சமூக வாழ்க்கை பற்றிப் புத்தகம் எழுதினார். காமமும் ஆதிக்கமும்தான் குரங்குச் சமூகத்தைக் கட்டி வைத்திருக்கின்றன என்பது அதன் சாரம். ஒரு ஊரையே சிறையில் போட்டு, பெண்களைக் கொஞ்சமாக விட்டு, என்ன நடக்கிறது என்று பார்த்து, 'மனிதர்கள் இப்படித்தான்' என்று எழுதினால் எப்படியிருக்கும்?

இதற்குச் சில வருடம் கழித்து வருகிறார் நம் எல்லாருக்கும் தெரிந்த ஒருவர். மேனேஜ்மென்ட் பாடத்தில் முக்கோணம் போட்டு ஐந்து தேவைகள் எழுதுவோமே, அந்த மாஸ்லோ! (முக்கோணம் அவர் போட்டதில்லை, பின்னால் வந்தவர்கள் போட்டது. தேர்வில் எழுதினால் மார்க் கிடைக்குமா தெரியாது.) தேவைகளைப் பற்றி அவர் எழுதியது 1943-ல். அதற்கு முன் அவர் குரங்கு ஆராய்ச்சி செய்தார் என்று எந்த வாத்தியாரும் எனக்குச் சொன்னதில்லை. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஹாரி ஹார்லோவிடம் டாக்டர் பட்டத்துக்குப் படித்தபோது, மாடிசன் நகரத்து மிருகக்காட்சிசாலையில் குரங்குகளை உட்கார்ந்து பார்த்துக் குறிப்பெடுத்தார். குரங்குகள் ஓயாமல் ஒன்றன்மேல் ஒன்று ஏறின. ஆண் ஆண் மேல், பெண் பெண் மேல், பெண் ஆண் மேல் என்று எல்லா வகையிலும். இது முழுக்கக் காமமாக இருக்க முடியாது என்று மாஸ்லோ யோசித்தார். ஏறுவது மேல்நிலையில் உள்ள குரங்கு, ஏறப்படுவது கீழ்நிலையில் உள்ளது, ஆகவே காமத்துக்காக ஏறுவது வேறு, ஆதிக்கத்துக்காக ஏறுவது வேறு என்று 1936-ல் எழுதினார்.

நியாயமாகப் பார்த்தால் அது நல்ல யோசனைதான். ஏறினாலே காமம் என்ற மூடக் கணக்கை அது உடைத்தது. ஆனால் அது கூண்டுக் குரங்கைப் பற்றிய யோசனை. அதை அப்படியே பெயர்த்து நாய்க்கு மாட்டியவர்கள் அந்த அடைமொழியை வழியில் எங்கேயோ விட்டுவிட்டார்கள்.

நாய்க்கு அது போய்ச் சேர ஒரு பாலம் வேண்டியிருந்தது. அந்தப் பாலம் ஓநாய். ருடால்ஃப் ஷெங்கெல் என்பவர் ஸ்விட்சர்லாந்தின் பாசெல் மிருகக்காட்சிசாலை ஓநாய்களைப் பார்த்து 1947-ல் ஒரு நீண்ட கட்டுரை வெளியிட்டார். கூட்டத்தில் முதலிடத்துக்கு ஓயாத போட்டி, ஜெயிப்பது ஆல்ஃபா என்ற சித்திரம் பரவியது அதிலிருந்துதான். அந்த ஓநாய்கள் வாழ்ந்த இடத்தின் அளவு என்ன தெரியுமா? 10 மீட்டருக்கு 20 மீட்டர். நம் ஊர்க் கல்யாண மண்டபத்துச் சாப்பாட்டுக் கூடம் அளவு. அதற்குள் பத்து ஓநாய் வரை! காட்டில் பிடிக்காத ஓநாய் கிளம்பி வேறு திசையில் போய்விடும். இங்கே எங்கே போகும்?

1949-ல் கான்ராட் லோரன்ஸ் (பின்னால், 1973-ல், நோபல் பரிசு வாங்கியவர்) எல்லாரும் விரும்பிப் படித்த ஒரு புத்தகத்தில், தோற்ற ஓநாய் கழுத்தை நீட்டும், ஜெயித்தது கடிக்காமல் விட்டுவிடும் என்று அழகாக எழுதினார். அதே ஷெங்கெல் 1967-ல், லோரன்ஸ் தலைகீழாகப் புரிந்துகொண்டிருக்கிறார், கழுத்தைத் திருப்பிக் காட்டுவது ஜெயித்த ஓநாய் என்று மறுத்தார். இரண்டு பெரிய நிபுணர்கள், ஒரே அசைவு, நேர் எதிரான அர்த்தம். விலங்கின் ஒரு அசைவுக்கு ஒரே அர்த்தம் எழுதுவது எவ்வளவு வழுக்கலான வேலை என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

1970-ல் அமெரிக்காவின் டேவிட் மெக் ஓநாய்களைப் பற்றி ஒரு பெரிய புத்தகம் எழுதினார். அதுவரை தெரிந்ததை எல்லாம் தொகுத்ததால் ஆல்ஃபாவும் உள்ளே வந்துவிட்டது. புத்தகம் சக்கைப்போடு போட்டது. நாய் பழக்குகிறவர்களுக்கு இது பாயசத்தில் முந்திரி மாதிரி. ஏனென்றால் அவர்களிடம் அதற்கேற்ற பழக்கம் ஏற்கெனவே இருந்தது. ஜெர்மனியில் போலீஸ் நாய்களைப் பழக்கிய கான்ராட் மோஸ்ட் 1910-லேயே, பழக்குபவன் நாயை உடல் பலத்தால் வென்று தலைவனாக நிற்க வேண்டும் என்று கையேடு எழுதியிருந்தார். அடிக்கிற கைக்கு இப்போது அறிவியல் உறையும் கிடைத்துவிட்டது. 1978-ல் நியூயார்க் மாநிலத்தில் நாய் வளர்க்கும் நியூ ஸ்கீட் துறவிகள் எழுதிய புத்தகத்தில் 'ஆல்ஃபா ரோல்' வந்தது. நாயை மல்லாக்கப் புரட்டி, கழுத்தைப் பிடித்து அழுத்தி, கண்ணுக்குள் முறைத்துப் பார்ப்பது. தலைமை ஓநாய் அப்படித்தான் செய்கிறதாம். (உண்மையில் ஓநாய்களில் பணிகிற குட்டிதான் தானாகவே மல்லாந்து படுக்கும், யாரும் புரட்டுவதில்லை.) 2004-லிருந்து டிவியிலும் 'கூட்டத் தலைவனாக இரு' என்ற பாடம் உலகம் முழுக்க ஓடியது. ஏறுகிற நாய் என்றால் ஆதிக்க நாய், ஆதிக்க நாய் என்றால் அடக்கு. கணக்கு முடிந்தது.

இவ்வளவு அமளியில் நாயையே பார்த்துக்கொண்டிருந்த சிலரை யாரும் கண்டுகொள்ளவில்லை. பெர்க்லியில் ஃபிராங்க் பீச், பீகிள் நாய்களை வைத்து வருடக் கணக்காக இனச்சேர்க்கை நடத்தையை ஆராய்ந்தார். பெட்டைகளும் ஏறுகின்றன என்பதை அவர் குழு அலட்சியப்படுத்தாமல் பதிவு செய்தது. மார்க் பெகாஃப் 1970களில் நாய், ஓநாய், கயோட்டி குட்டிகளின் விளையாட்டை நுணுக்கமாகக் கவனித்தார். சில வாரமே ஆன குட்டிகள் விளையாட்டு நடுவில் ஒன்றன்மேல் ஒன்று ஏறுகின்றன. இப்போது இது ஏறும், அடுத்த நிமிஷம் அது ஏறும். ராஜ்யம் இப்படி நிமிஷத்துக்கு ஒரு தடவை கைமாறினால் அதற்குப் பெயர் ராஜ்யமா? பெகாஃப் பிற்காலத்தில் எழுதியதும் இதுதான்: விளையாட்டு வெறி, பரபரப்பு, பதற்றம், சில சமயம் காமம், சில சமயம் யார் பெரியவன் என்பதும்கூட. ஒரே காரணம் கிடையாது.

காமம் மட்டும்தான் என்ற கட்சிக்கும் ஒரு அடி விழுந்தது. 1976-ல் ஹாப்கின்ஸ், ஷூஸ்டர், ஹார்ட் என்ற மூவர், வளர்ந்த பிறகு விதை நீக்கப்பட்ட 42 கடுவன்களைப் பற்றி விவரம் சேகரித்தார்கள். ஊர் சுற்றும் பழக்கம் 90 சதவீத நாய்களில் குறைந்தது. ஏறும் பழக்கம் குறைந்தது 67 சதவீதத்தில். 1997-ல் நீல்சன் குழுவினர் 57 நாய்களைப் பார்த்தபோதும் ஏறக்குறைய இதே படம்தான். அறுபது சதவீதத்துக்கு மேற்பட்ட நாய்களில் பழக்கம் பாதியாவது குறைந்தது, சுத்தமாக நின்றது என்று சொல்லத்தக்கவை அதைவிட ரொம்பக் கம்மி. நாயின் வயது என்ன, பழக்கம் எத்தனை நாளாக இருக்கிறது என்பதெல்லாம் பலனை மாற்றவில்லை. சென்னையில் 1996-லிருந்து தெருநாய்களுக்கு ஆபரேஷன் நடக்கிறது. காதில் வெட்டுக் குறி உள்ள கடுவன் இன்னொன்றின் மேல் ஏறுவதைப் பார்த்து 'ஆபரேஷன் சரியா பண்ணலை' என்று திட்டுபவர்கள் இந்த எண்களைப் பார்க்கலாம்.

இனி மெக் கதையின் மிச்சம். 1986-லிருந்து அவர் கனடாவின் வடகோடியில் எல்ஸ்மியர் தீவில், மனிதனைக் கண்டு மிரளாத காட்டு ஓநாய்க் குடும்பத்தோடு கோடைக்காலங்களைக் கழித்தார். அங்கே அவர் பார்த்தது அப்பா, அம்மா, பிள்ளைகள். அவ்வளவுதான்! பிள்ளைகள் வளர்ந்ததும் ஜோடி தேடிக் கிளம்பிப் போய்விடுகின்றன. பதவிக்காகச் சண்டை இல்லை. 1999-ல் இதைக் கட்டுரையாக எழுதி, ஆல்ஃபா என்ற சொல்லே காட்டு ஓநாய்க்குப் பொருந்தாது என்றார். தன்னுடைய 1970 புத்தகத்தை இனி அச்சிடாதீர்கள் என்று பதிப்பாளரிடம் திரும்பத் திரும்பக் கேட்டார். அது நின்றது 2022-ல். சொந்தப் புத்தகத்தை நிறுத்த ஒரு மனிதன் இத்தனை வருடம் போராடியதை நினைத்தால் எனக்கு அவர்மேல் மரியாதை கூடுகிறது. துறவிகளும் 2002 பதிப்பில் ஆல்ஃபா ரோலை எடுத்துவிட்டார்கள்.

அதற்குள் யார் யார் கடி வாங்கினார்கள்? 2009-ல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்து ஹெரான் குழுவினர், நடத்தைச் சிக்கலுக்காக நாயைக் கூட்டி வந்த 140 பேரிடம் என்னென்ன செய்து பார்த்தீர்கள் என்று கேட்டார்கள். அடித்தவர்கள், உதைத்தவர்களில் 43 சதவீதம் பேரின் நாய்கள் பதிலுக்குச் சீறின அல்லது பாய்ந்தன. ஆல்ஃபா ரோல் செய்தவர்களில் 31 சதவீதம், வெறுமனே முறைத்துப் பார்த்தவர்களில் 30 சதவீதம். நாளைக்கு நம் மேல் பாயும் என்று பயந்து அடிக்கிறோம், அடித்ததாலேயே அது இன்றைக்கே பாய்கிறது.

அதே வருடம் பிரிட்டனில் பிராட்ஷாவும் சகாக்களும் ஒரு காப்பகத்தில் சேர்ந்து வாழ்ந்த 19 கடுவன்களைப் பற்றி எழுதினார்கள். எல்லாமே விதை நீக்கப்பட்டவை. மொத்தக் கூட்டத்துக்கும் பொருந்துகிற ஒரு வரிசையைப் போட முடியவில்லை. இந்த இரண்டு நாய்க்குள் இப்படி, அந்த இரண்டுக்குள் அப்படி என்று உறவுகள் தனித்தனியாக இருந்தன. நாய்களிடம் மேல் கீழ் என்பதே இல்லை என்று இதற்கு அர்த்தம் கிடையாது. 2015-ல் நெதர்லாந்தில் ஒரு நாய்க் கூட்டத்தை அளந்து பார்த்தவர்கள் வரிசை இருக்கிறது என்றே சொன்னார்கள். ஆனால் அதைக் காட்டும் நம்பகமான அடையாளமாக அவர்கள் எடுத்துக்கொண்டது, ஒரு நாய் இன்னொன்றின் முன் உடம்பைத் தாழ்த்துவதை.

சரி, வீட்டில் இரண்டு கடுவன் இருந்தால் என்னதான் செய்வது?

ஏறுகிற நாயை விட்டுவிட்டு, கீழே இருக்கிற நாயை முதலில் பாருங்கள். அது வாலாட்டிக்கொண்டு திரும்பி விளையாடினால் உங்களுக்கு அங்கே வேலை இல்லை. அது விறைத்து நின்றாலோ, உதட்டைத் தூக்கினாலோ, ஓடி ஒளிந்தாலோதான் குறுக்கிட வேண்டும். சண்டைகள் பெரும்பாலும் ஏறுபவனால் ஆரம்பிப்பதில்லை, பொறுத்துப் பொறுத்துப் பார்த்த கீழே இருப்பவனால் ஆரம்பிக்கின்றன. குறுக்கிடுவது என்றால் கத்துவதோ இழுத்து வீசுவதோ வேண்டாம். பெயர் சொல்லிக் கூப்பிட்டு, வந்தால் ஒரு துண்டு தின்பண்டம், இரண்டு நிமிஷம் வேறு இடம், ஆட்டம் தணிந்ததும் மறுபடி விடுதல். வராத நாயாக இருந்தால் கழுத்துப் பட்டையில் ஒரு மெல்லிய கயிறு தொங்கவிட்டால் கை வைத்துப் பிடிக்கிற தேவையே இருக்காது. கவனித்தால் ஏறுவதற்கு முன் ஒரு அறிகுறி தெரியும், பக்கவாட்டில் வந்து முதுகில் தாடையை வைக்கும், அந்த நொடியில் கூப்பிடுவது சுலபம்.

எப்போது நடக்கிறது என்று ஒரு வாரம் குறித்து வைத்தால் பாதி விடை கிடைத்துவிடும். விருந்தாளி வரும்போதா, நாள் முழுக்கக் கட்டிப்போட்டு அவிழ்த்துவிட்டதுமா, புது நாய் வந்த நாளிலா? அடைத்த இடம், பெட்டை இல்லை, புதிதாக வந்தவன். அந்தக் கோவில் சேவல்களின் பட்டியல்தான். இதுவரை இல்லாத பழக்கம் திடீரென்று வந்தால், அல்லது ஒரே நாயின் பின்பக்கத்தை மற்றதெல்லாம் விடாமல் மோந்து மேலே ஏறினால், டாக்டரிடம் போக வேண்டும். சிறுநீர்த் தொற்று, தோல் அரிப்பு, விதைப்பையில் கோளாறு, மலவாய்ச் சுரப்பி அடைப்பு எதுவாகவும் இருக்கலாம். ஆபரேஷன் செய்வதாக இருந்தால் எந்த வயதில் என்று கேட்டுச் செய்யுங்கள். 1976 ஆய்வில் இருந்த அதே பெஞ்சமின் ஹார்ட், கோல்டன் ரிட்ரீவர் நாய்களை ஆராய்ந்த குழுவிலும் இருந்தார். ஒரு வயதுக்கு முன் விதை நீக்கிய நாய்களுக்கு மூட்டுக் கோளாறு கூடுதலாக வருகிறது என்று அந்தக் குழு 2013-ல் எழுதியது. சின்ன இன நாய்களுக்கும் நம் தெரு நாய்களுக்கும் அதே கணக்கு அப்படியே பொருந்தாது, டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

எங்கள் தெருவில் இரண்டு கடுவன்கள் இருக்கின்றன. ஒன்று செம்மி, ஒன்று காலில் வெள்ளைச் சாக்ஸ் போட்ட மாதிரி. மாலையில் பால்காரர் வண்டி போனதும் செம்மி வெள்ளைக்கால் மேல் ஏறும், கொஞ்ச நேரத்தில் வெள்ளைக்கால் செம்மி மேல் ஏறும். ராத்திரி இரண்டும் ஒரே மணல் குவியலில் முதுகோடு முதுகு ஒட்டித் தூங்கும்.